தேரும் ஆற்றலும்

சிதம்பரம் நடராசர் கோயிலில் ஆனித் திருமஞ்சனத்திற்கும் மார்கழித் திருவாதிரைக்கும் முதல் நாளில் ஐந்து தேர்கள் நான்கு வீதிகளிலும் உலாவரும். அண்மையிலுள்ள கீரப்பாளையம் முதலிய ஊர்களினின்றும் மக்கள் திரண்டு வந்து வடம் பிடிப்பர்.

இழுப்போர் வடத்தைத் தளர்த்தியவுடனே தேர் நிற்பதில்லை. சிறிது தொலைவு உருண்டே செல்லும். அப்பொழுது அதனை முன்னோக்கி இழுக்கும் விசை எதுவும் இல்லை. ஆயினும் சக்கரத்தின்முன் இடும் முட்டுக்கட்டையை மோதித் தள்ளுகிறது. ஆற்றல் இல்லாத பொருள் அவ்வாறு செய்யுமோ?

விசை என்பது ஒரு பொருள் மற்றொன்றின்மேல் செலுத்துவது. அதனை எப்பொருளும் தன்னுள் சேர்த்து வைத்தல் இயலாது. ஆற்றலோ இயங்கும் பொருளோடு உடன்செல்வது. இழுத்தோர் செய்த வேலையே தேரில் இயக்க ஆற்றலாய் அமைந்தது. 20,000 கிலோகிராம் நிறையுள்ள தேர் ஒன்று நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் உருளுமாயின் அவ்வாற்றல் 10,000 ஜூல் ஆகும். வேகம் இருமடங்கானால் ஆற்றல் நான்மடங்காகும். முட்டுக்கட்டை இடுவோர் கண்ணிமையாது விழித்திருப்பது இதனாலேயே.

உருளும் தேரை இறுதியில் நிறுத்துவது உராய்வு. காற்றும் தரையும் இல்லாத விண்வெளியில் அத்தடை இல்லை. 1977-இல் அமெரிக்கா ஏவிய வாயேஜர் 1 என்னும் விண்கலம், பின்னின்று தள்ளும் விசையின்றியே நொடிக்கு ஏறத்தாழ 17 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. ஞாயிற்றின் ஈர்ப்பு அதனை மிகச் சிறிதளவே பின்னிழுக்கிறது. அதுவும் இல்லையாயின் அதன் வேகமும் ஆற்றலும் குறையா.

ஆற்றலை அளிக்கவும் மாற்றவும் விசை வேண்டும். இயங்கும் பொருள் அதனைத் தன்பால் வைத்திருக்க விசை வேண்டுவதில்லை.