பச்சைக் கிளியும் பஞ்சாயத்தும்

பச்சைக் கிளியை அறியாத கிராமவாசி எவருமிலர். கதிர் முற்றும் காலத்தில் அது விவசாயப் பெருமக்களுக்குப் பகையாகி விடுகிறது. இவ்வளவு மலிந்த பறவைக்குச் சட்டப் பாதுகாப்பு எதற்கு என்று வினவுவோர் உண்டு. வினா நியாயமானதே.

ஆணின் கழுத்தில் கருப்பும் ரோஜா நிறமுமாக ஆரம் திகழ்வதால், இதனைச் செந்தார்ப் பைங்கிளி என்பர். ஆப்பிரிக்காவில் சஹாராவின் தெற்கிலும், இந்தியா, இலங்கை முதலிய நாடுகளிலும் இது வாழ்கிறது. கூண்டிலிருந்து தப்பியவை லண்டன் மாநகரிலும் பெருகியுள்ளன. ஆதலின், உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் இது கவலை குறைந்த இனமாகவே குறிக்கப்பட்டுள்ளது. உலகினின்று இவ்வினம் விரைவில் அற்றுப்போகாது என்பதே இதன் பொருள். பிடிக்கலாம் என்ற அனுமதியன்று. தோளில் செந்திட்டுடைய இதன் உறவினமாகிய பெரிய பச்சைக்கிளி அதே பட்டியலில் அழிவை நெருங்கும் நிலைக்கு வந்துவிட்டது. குஞ்சுகளைப் பிடித்து விற்றது அதற்கொரு முக்கிய காரணம்.

வட அமெரிக்காவில் கரோலினாக் கிளி என்ற இனமும் ஒரு காலத்தில் கூட்டங்கூட்டமாக வாழ்ந்ததுதான். பழத்தோட்டங்களுக்குக் கேடென்று அதனைச் சுட்டனர். ஒன்று வீழ்ந்தால் மற்றவை ஓடாமல் அதனைச் சுற்றியே வட்டமிடும். எனவே கூட்டமே மடிந்தது. காடழிவும் உடன் சேர்ந்தது. கூண்டில் எஞ்சியிருந்த கடைசிக் கிளி 1918இல் சின்சினாட்டி விலங்குக் காட்சிச்சாலையில் இறந்தது.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, நம் பச்சைக் கிளி இரண்டாம் அட்டவணையில் உள்ளது. இதனைப் பிடித்தலும், விற்றலும், கூண்டில் வைத்தலும், நஞ்சிட்டுக் கொல்லுதலும் குற்றமாகும். கிளி சோதிடத்திற்கும் விலக்கில்லை.

பஞ்சாயத்தார் கருதவேண்டியது மரப் பொந்துகளையே. கிளி தானே மரத்தைக் குடைவது அரிது. மரங்கொத்தியும் குக்குறுவானும் விட்டுச்சென்ற பொந்துகளை அகலப்படுத்திக் கொள்ளும். பட்ட பனையையும் முதிய புளியையும் பயனற்றவை என ஏலம் விடுமுன், பொந்து உண்டா என்று பார்த்தல் நலம். பெரும்பாலும் ஜனவரி முதல் ஏப்ரல் வரை அவற்றில் முட்டையோ குஞ்சோ இருக்கும். குஞ்சுக்காகப் பொந்தைப் பிளப்போர், எலியும் பூச்சியும் தின்று நமக்கு உதவும் புள்ளி ஆந்தையின் இடத்தையும் கெடுக்கின்றனர்.

இனி, பயிர்க்காவல். கிளி தின்பதினும் கடித்தெறிவது மிகுதி. சுற்றிலும் வேறு பயிரிருக்க ஒரே வயலில் மட்டும் சூரியகாந்தி விதைத்தால், அவ்வயலுக்கே முழுச் சேதமும் வந்துசேரும். அண்டை வயலார் கூடி ஒரே சமயத்தில் விதைத்தால் அது பங்கிடப்படும். ஒருபுறம் சிவப்பும் மறுபுறம் வெள்ளியுமான மினுக்கு நாடாவை முறுக்கிப் பயிருக்குச் சற்று மேலே கட்டலாம். காற்றில் அது மின்னி ஒலிக்கும். ஆனால் பறவை விரைவில் பழகிவிடும். ஆகையால் மணி பிடிக்கும்போது கட்டி, அறுவடையானதும் அவிழ்த்துவிட வேண்டும். பரண்மீது ஏறித் தகரம் தட்டும் பழைய முறையையும் எளிதாக எண்ணற்க. காலையிலும் மாலையிலும் அதற்குப் பயனுண்டு. கொய்யாவுக்கு வலை போதும்.

கிளிக்குஞ்சு விற்போர் ஊருக்குள் வந்தால் வனச்சரக அலுவலருக்கு உடனே அறிவித்தல் வேண்டும். மீட்ட குஞ்சுகளை இரக்கத்தால் அங்கேயே பறக்கவிடலாகாது. ஊட்டுவாரின்றி அவை இறந்துபடும்.