களிப்பிடங்களும் தீக்காப்பும்

முன்னுரை

மேகமலையின் அடிவாரத்தே, முல்லையாற்று நீரால் செழிக்கும் கம்பம் பள்ளத்தாக்கில் வாழும் நமக்குக் காட்டுத்தீ புதிதன்று. மாசி, பங்குனித் திங்கள்களில் இரவு நேரத்தே மலைச்சரிவில் அது செந்நிறக் கோடாக ஊர்ந்து செல்வதைச் சிறுவயது முதலே கண்டு வருகிறோம். தொலைவில் நின்று காண்போர்க்கு அது காட்சி. அதனிடையே அகப்பட்டோர்க்கு அது கூற்றம். மகிழ்ச்சி நாடிச் சென்ற இடங்களில் மக்கள் தீக்கிரையான நிகழ்ச்சிகள் சிலவற்றை நோக்கி, அவற்றுள் பொதுவாய் அமைந்த குறை யாதெனக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குரங்கணி தந்த பாடம்

நம் தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூரை அடுத்துள்ளது குரங்கணி. 2018 மார்ச் 11ஆம் நாள், சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பகுதிகளிலிருந்தும் மலையேற்றத்திற்கு வந்த இரு குழுவினர், கொழுக்குமலையிலிருந்து இறங்கும் வழியில் காட்டுத்தீயில் சிக்கினர். அத்தீயால் மாண்டோர் 23 பேர். தீ, சரிவில் மேல்நோக்கி விரைந்து பரவும் இயல்புடையது. கீழிருந்து எழும் வெப்பம் மேலுள்ள புல்லை முன்னரே உலர்த்திப் பற்றுதற்கு ஆயத்தமாக்கிவிடுகிறது. காய்ந்த புற்சரிவில், தீப்பருவத்தில் அகப்பட்டோர் தப்பியோட வழி காண்பது அரிது. இந்நிகழ்ச்சிக்குப் பின்னரே தமிழ்நாடு அரசு, மலையேற்றத்தை நெறிப்படுத்த 2018ஆம் ஆண்டிலேயே தனி விதிகளை வகுத்தது.

கூடங்களில் மூண்ட தீ

காட்டில் நேர்ந்ததற்கு இயற்கையின்மீது ஓரளவு பழி கூறலாம். கேளிக்கைக் கூடங்களோ முழுவதும் மனிதர் அமைத்தவை. குஜராத் மாநிலம் இராஜ்கோட்டில் 2024 மே 25ஆம் நாள், கோடை விடுமுறைச் சனிக்கிழமையன்று, ஒரு விளையாட்டுக் கூடம் எரிந்து சிறுவர் உட்பட 27 பேர் உயிரிழந்தனர். அது இரும்புச் சட்டங்களும் தகரத் தகடுகளும் கொண்டு தற்காலிக அமைப்பாக எழுப்பப்பட்டது. உள்ளே எளிதில் எரியும் பொருள்களும் எரிபொருளும் இருந்தன. மக்கள் கூடியிருந்த வேளையிலேயே பற்றவைப்பு வேலையும் நடந்தது. தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று அக்கூடத்திற்கு இல்லை. இது மனிதர் விளைத்த பேரழிவு என்று குஜராத் உயர்நீதிமன்றம் சுட்டியது.

இதற்கு நாற்பது ஆண்டுகள் முன்னரே, 1984 மே 11ஆம் நாள், அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்துக் கேளிக்கைப் பூங்கா ஒன்றின் பேய்க்கோட்டையில் இளைஞர் எண்மர் மாண்டனர். வண்டிப் பெட்டிகளை இணைத்து அமைத்த அவ்விருட்கூடத்தில் சுவரில் பதித்த நுரைமெத்தை தீப்பற்றியது. தானாக நீர் தெளிக்கும் கருவியோ, புகையறிவிப்பானோ அங்கில்லை. சக்கரமுள்ள பெட்டிகளால் ஆன தற்காலிக அமைப்பு என்பதால், நிலையான கட்டடத்திற்குரிய விதிகள் அதற்குப் பொருத்தப்படவில்லை.

இவை தொலைவூர்க் கதைகள் என்று நாம் ஒதுக்குதல் இயலாது. 2004 ஜனவரி 23ஆம் நாள், திருவரங்கத்துத் திருமண மண்டபத்தின் மாடியில் இட்ட கீற்றுப்பந்தல் எரிந்து, மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதே ஆண்டு ஜூலை 16ஆம் நாள், கும்பகோணத்துப் பள்ளியில் சமையற்கூடத்துத் தீ கீற்றுக்கூரைக்குப் பரவி 94 குழந்தைகளைப் பலிகொண்டது.

பொதுவாய் அமைந்த குறை

எளிதில் எரியும் பொருள், விரைந்து வெளியேற இயலாத அமைப்பு ஆகிய இரண்டும் இத்தகைய விபத்துகளில் மீண்டும் மீண்டும் காணப்படுகின்றன. ஆயின், அவ்விரண்டையும் நெடுநாள் பொறுத்துக்கொள்ளச் செய்வது மூன்றாவது ஒன்று: ‘தற்காலிகந்தானே’ என்னும் எண்ணம். இராஜ்கோட்டின் தகரக் கூடமும், நியூ ஜெர்சியின் வண்டிப் பெட்டிகளும், திருவரங்கத்தின் பந்தலும் இவ்வொரு சொல்லின் நிழலில் நின்றவையே. பந்தல் மூன்று நாளில் பிரிக்கப்படும். அதனுள் இழந்த உயிரோ மீளாது.

நாம் செய்யத்தக்கன

வீரபாண்டிச் சித்திரைத் திருவிழாவின் இராட்டினத் திடலும், ஊர்தோறும் நிகழும் கந்தூரிப் பந்தலும், நம் கல்லூரிகளின் கண்காட்சிக் கூடமும் தற்காலிக அமைப்புகளே. அவற்றை அமைப்போர் எதிரெதிர்த் திசைகளில் இரு வாயில்களேனும் வைத்தல் வேண்டும். மக்கள் உள்ளே இருக்கும்போது அவற்றைப் பூட்டலாகாது. மின்னாக்கியின் டீசலையும் சமையல் எரிவாயு உருளையையும் கூட்டத்திலிருந்து விலக்கி வைத்தல் வேண்டும். மக்கள் கூடிய பின் பற்றவைப்பு வேலை நடத்தலாகாது.

மாணவர்கள் எக்கூடத்தில் நுழைந்தாலும் முதலில் இரண்டாம் வாயிலைக் கண்டுகொள்க. தீ விபத்துகளில் சுடரினும் புகையே பெரிதும் கொல்கிறது. ஆதலின் புகை சூழ்ந்தால் குனிந்து, தரையை ஒட்டி வெளியேறுக. தீயணைப்பு நிலையத்தை 101 என்னும் எண்ணில் அழைக்கலாம். விழாக்குழுவிலும் ஜமாஅத்திலும் பொறுப்பேற்றுள்ள பெரியோர், இடத்தை வாடகைக்கு விடுமுன் தீயணைப்புத் துறையின் சான்றைக் கேட்டுப் பெறுக. ஒருவர் கேட்கத் தயங்கினால் அடுத்தவரும் கேளார்.

முடிவுரை

மேற்கூறிய இடங்களுக்குச் சென்றோர் எவரும் ஆபத்தை நாடிச் சென்றாரல்லர்; விடுமுறைக்கும், விளையாட்டிற்கும், திருமணத்திற்கும், பள்ளிக்குமே சென்றனர். இடத்தை அமைத்தவர் தம்மைக் காப்பார் என்று நம்பினர். அந்நம்பிக்கையைக் காப்பது அமைப்பவரின் கடமை. அது காக்கப்படுகிறதா என்று கேட்பது நம் அனைவரின் கடமை. அடுத்த திருவிழாப் பந்தலுக்குக் கால் நடும் நாளிலேயே அக்கேள்வி எழுப்பப்படுமாயின், இக்கட்டுரை தன் பயனை எய்தியதாகும்.