கணினிக்குள் ஒரு கணினி: லினக்ஸை அச்சமின்றிப் பழகுவோம்

மலையக மக்களாகிய நமக்குத் தாளின் அருமையைப் பிறர் சொல்லித்தர வேண்டியதில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், தந்தை இலங்கையில் பிறந்தவர் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்றோ காட்டும்படி கேட்டது. லயத்தில் பிறந்தவர்களிடம் அதற்கான பத்திரம் எங்கே இருந்தது? இலட்சக்கணக்கானோர் நாடற்றவர்களானார்கள். பின்வந்த ஒப்பந்தங்களும் சட்டங்களும் தீர்க்காமல் விட்டதைத் தீர்க்க, 2003ஆம் ஆண்டில் மேலும் ஒரு சட்டம் தேவைப்பட்டது.

2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மலைகள் சரிந்தன. வீட்டையும் மரக்கறித் தோட்டத்தையும் விட்டு வந்த குடும்பங்கள் நம்மிடையே பல. இத்தகைய வேளையில் குடும்ப விபரப் பட்டியல், காணிக்கான விண்ணப்பத்தின் பிரதி, பிரதேச செயலகத்துக்குக் கொடுத்த கடிதம் ஆகியவற்றை நாமே ஒழுங்காக வைத்திருப்பது பெரும் பலம். அதற்கு ஒரு கணினி உதவும். அந்தக் கணினியைச் செலவின்றி, நமது மொழியில், நமது கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் வழியொன்றை இந்தப் பாடத்தில் காண்போம்.

லினக்ஸ் என்றால் என்ன?

கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளை இயங்குதளம் என்கிறோம். வின்டோஸ் அத்தகைய ஒன்று. லினக்ஸ் இன்னொன்று. 1991இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் அதன் கருவை எழுதினார். அதைச் சுற்றி உலகெங்கும் உள்ளோர் உழைத்து முழு இயங்குதளங்களை உருவாக்கினர். உபுண்டு, லினக்ஸ் மின்ட் ஆகியன அவற்றுள் சில. இவற்றை விலையின்றிப் பெறலாம். பிரதி எடுத்து அயலவருக்குக் கொடுப்பதும் சட்டப்படி சரியே.

இன்று இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வின்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14உடன் நிறுத்தியது. நன்கொடையாகக் கிடைக்கும் பழைய கணினிகள் பலவற்றில் வின்டோஸ் 11 ஏறாது. அவற்றைக் குப்பையில் போட வேண்டியதில்லை. லினக்ஸ் அவற்றுக்கு இன்னும் சில ஆண்டுகள் உயிர் கொடுக்கும்.

இது நமக்கு அந்நியமானதும் அல்ல. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின், காணாமற்போனோர், முகாம்கள், நிவாரணப் பொருட்கள் ஆகிய விபரங்களைப் பதிய இலங்கைத் தொண்டர்கள் ‘சஹானா’ என்ற மென்பொருளை எழுதினர். அதையும் எவரும் பயன்படுத்தலாம், திருத்தலாம் என்று திறந்தே வைத்தனர். 2005இல் பாகிஸ்தான் பூகம்பத்தின்போது அது அங்கும் பயன்பட்டது.

முதலில் நாற்றுமேடை

புதிய விதையை ஒருவர் தந்தால் முழுத் தோட்டத்திலும் தூவிவிடுவோமா? ஒரு மூலையில் சிறு பாத்தி கட்டிப் பார்ப்போம். முளைக்காவிட்டால் அந்தப் பாத்தி மட்டுமே நட்டம். கணினியிலும் அத்தகைய பாத்தி உண்டு. அதுவே மெய்நிகர் கணினி.

வெர்ச்சுவல்பொக்ஸ் என்ற இலவச மென்பொருள், இருக்கும் கணினியின் நினைவகத்திலும் சேமிப்பிலும் ஒரு பங்கை எடுத்து, ஒரு சன்னலுக்குள் இன்னொரு கணினியைப் போல் நடக்கச் செய்கிறது. உள்ளே இருக்கும் கணினி தன்னிடம் ஒரு முழு வன்தட்டு இருப்பதாக எண்ணிக்கொள்ளும். உண்மையில் அது வெளிக் கணினியில் உள்ள ஒரு பெரிய கோப்பு மட்டுமே. ஆகவே உள்ளே எது பழுதானாலும் வெளியே உள்ள பட்டியல்களுக்கும் கடிதங்களுக்கும் சேதமில்லை. ஒரு நிலையத்துக்கு ஒரே கணினி என்றிருக்கும் நமக்கு இது முக்கியம்.

தேவையானவை

கணினியில் 8 கிகாபைட் நினைவகம் இருந்தால் வசதி. 4 மட்டுமே என்றால் வேலை மிக மெதுவாக நடக்கும். வன்தட்டில் 30 கிகாபைட் அளவு வெற்றிடம் வேண்டும். லினக்ஸ் மின்ட் இயங்குதளத்தின் ‘எக்ஸ்எப்சிஈ’ பதிப்பு பாரம் குறைந்தது. அதன் கோப்பு ஏறத்தாழ 3 கிகாபைட். ஒருவர் நகரத்தில் பதிவிறக்கிப் பென்டிரைவில் கொண்டுவந்தால் பல நிலையங்களுக்குப் பயன்படும். இரு மென்பொருட்களையும் அவற்றின் சொந்தத் தளத்திலிருந்தே எடுக்க வேண்டும்.

நிறுவும் முறை

1. வெர்ச்சுவல்பொக்ஸை வழக்கமான மென்பொருளைப் போல் நிறுவித் திறக்கவும். ‘நியூ’ என்பதை அழுத்தி ஒரு பெயர் கொடுக்கவும். மின்ட் கோப்பைக் காட்டவும். தானாகவே நிறுவட்டுமா என்று கேட்கும் இடத்தில் வேண்டாம் என வைக்கவும். கையால் செய்தால்தான் கற்போம்.

2. நினைவகமாக 2048 மெகாபைட் கொடுக்கவும். 8 கிகாபைட் உள்ள கணினியில் 4096 கொடுக்கலாம். பாதிக்கு மேல் கொடுத்தால் வெளிக் கணினி திணறும்.

3. வன்தட்டாக 25 கிகாபைட் குறிக்கவும். அது உடனே முழு இடத்தையும் பிடிக்காது. தேவைக்கேற்ப வளரும்.

4. ‘ஸ்டார்ட்’ அழுத்தவும். ‘விடி-எக்ஸ்’ அல்லது ‘ஏஎம்டி-வி’ இயங்கவில்லை என்று செய்தி வந்தால் கணினி பழுது என்று பயப்பட வேண்டாம். கணினி தொடங்கும்போது வரும் பயோஸ் அமைப்பில் மெய்நிகராக்க வசதியை இயக்கினால் போதும்.

5. மின்ட் திரை வந்ததும், நிறுவும் சின்னத்தை இருமுறை அழுத்தவும். மொழிப் பட்டியலில் தமிழும் உண்டு.

6. ‘வன்தட்டை அழித்து நிறுவுக’ என்ற கேள்வி வரும். இங்கே நின்று சிந்திக்க வேண்டும். மெய்நிகர் கணினிக்குள் இது அழிப்பது அந்த 25 கிகாபைட் பாத்தியை மட்டுமே. துணிந்து ஆம் எனலாம். ஆனால் இதே கேள்வி உண்மையான கணினியில் வந்தால், ஆம் என்ற ஒரு சொல்லில் அதிலுள்ள குடும்பப் பட்டியல்கள் அனைத்தும் போய்விடும். இந்த வேறுபாட்டைக் குழுவில் ஒவ்வொருவரும் தமது வாயால் விளக்கிய பின்பே அடுத்த படிக்குச் செல்லவும்.

7. பெயரும் கடவுச்சொல்லும் கொடுக்கவும். முடிந்ததும் மறுபடி தொடங்கச் சொல்லும். நிறுவல் தட்டை அகற்றும்படி செய்தி வந்தால் ‘என்டர்’ விசையை அழுத்தவும்.

நல்ல நிலையில் இருக்கும்போது ‘ஸ்னப்ஷொட்’ ஒன்று எடுத்துவைக்கவும். பின்னர் எதையாவது குழப்பினாலும் அந்த நிலைக்கே திரும்பலாம். பிள்ளைகள் பயமின்றிப் பழக இது நல்ல வசதி.

தமிழில் எழுதுதல்

திரையிலுள்ள எல்லாச் சொற்களும் தமிழில் வரா. மொழிபெயர்ப்புத் தொண்டர்களின் உழைப்பால் நடப்பதால் இடையிடையே ஆங்கிலம் இருக்கும். விசைப்பலகைப் பட்டியலில் இலங்கைக்குரிய தமிழ் அமைப்பு உண்டு. கடிதத்துக்கும் கணக்குப் பட்டியலுக்கும் லிப்ரேஒபிஸ் மின்ட்டுடனேயே வருகிறது.

ஒன்றைக் கவனிக்கவும். நமது பழைய கடிதங்கள் பல பாமினி எழுத்துருவில் உள்ளன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை பொருளற்ற ஆங்கில எழுத்துக்களாகத் தெரியும். அழிந்துவிட்டன என்று எண்ணி நீக்கிவிட வேண்டாம். அவற்றை யூனிகோடுக்கு மாற்றலாம். இனி எழுதுவதை யூனிகோடிலேயே எழுதுவோம்.

காப்பு

மெய்நிகர் கணினி பழகும் இடம், பெட்டகம் அல்ல. அதை நீக்கினால் உள்ளே எழுதியதும் நீங்கும். முக்கியமான கோப்புகளுக்கு இரு பென்டிரைவ் பிரதிகள் வேண்டும். ஒன்று நிலையத்தில் இருக்கட்டும். மற்றது மண்சரிவு அபாயமில்லாத வேறோர் ஊரில், நம்பிக்கையான ஒருவரிடம் இருக்கட்டும். அடையாள அட்டை இலக்கங்கள் உள்ள பட்டியலுக்குக் கடவுச்சொல் இடவும். அது பல குடும்பங்களின் இரகசியம். மூலப் பத்திரத்தின் இடத்தைப் பிரதி பிடிக்காது. ஆயினும் மூலம் தொலைந்தால், அதன் இலக்கமும் திகதியும் எந்த அலுவலகத்தில் எதைக் கேட்பது என்று காட்டும்.

சில வாரங்கள் பழகிக் கைவந்த பின், பிரதிகளைச் சரிபார்த்துவிட்டு உண்மையான கணினியிலும் லினக்ஸை நிறுவலாம். பாத்தியில் தேறிய நாற்றைத் தோட்டத்தில் நடுவது போல.

குழுவாகச் சிந்திக்க

1. நமது குடும்பங்களின் விபரப் பட்டியல் இப்போது யாரிடம் உள்ளது? அதன் பிரதி நம்மிடம் உண்டா?

2. நமது கணினி இன்றிரவு பழுதானால் நாளை எவை இல்லாமற் போகும்?

3. இதைக் கற்று மற்றவர்களுக்குச் சொல்லித்தர நமது குழுவில் முன்வரும் இருவர் யார்? அவர்களுள் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும்.