ஏரி நீர் குடிநீராகும் விதம்

மழைக்காலத்தில் கலங்கிய கிணற்று நீரைத் தேற்றாங்கொட்டை உரைத்துத் தெளியவைப்பது நம் கிராமங்களின் பழைய வழக்கம். தாம்பரத்துக்கு வடமேற்கே செம்பரம்பாக்கத்தில் 2007 முதல் இயங்கும் சுத்திகரிப்பு நிலையத்திலும் அடிப்படை அதுவே. நாளொன்றுக்கு 53 கோடி லிட்டர் ஏரி நீரைச் சுத்திகரிக்கும் திறன் கொண்டது அந்நிலையம்.

நுண்ணிய களிமண் துகள்கள் ஒன்றையொன்று விலக்குவதால் தாமாகப் படிவதில்லை. படிகாரம் போன்ற உப்பைச் சேர்த்து, முதலில் வேகமாகவும் பின்பு மெதுவாகவும் கலக்கினால், அவை பஞ்சுபோலத் திரண்டு அடியில் தங்கும். எஞ்சியதை மணற்படுகை வடிகட்டிவிடும்.

தெளிந்த நீரெல்லாம் தூய நீர் என எண்ணிவிடக் கூடாது. வாந்திபேதி, டைபாய்டு கிருமிகள் கண்ணாடி போன்ற நீரிலும் இருக்கும். ஆகவே கடைசியில் குளோரின் சேர்க்கிறார்கள். கலங்கல் நீரில் இட்டாலோ, அழுக்கே குளோரினைத் தின்றுவிடும். குழாய் நீரில் இலேசான நெடி வந்தால் முகம் சுளிக்க வேண்டாம். வழியில் சேரும் கிருமிகளுக்கு அதுதான் காவல்.

கிணற்றுக்கும் இதே முறைதான். தெளிந்த 1000 லிட்டர் நீருக்கு நல்ல பிளீச்சிங் பவுடர் 2.5 கிராம் போதும். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்தபின் மேல்நீரை மட்டும் கிணற்றில் ஊற்றிக் கலக்கவும். ஒரு மணி நேரம் கழித்தே இறைக்க வேண்டும். ஈரம் பட்ட பழைய பவுடரில் வீரியம் இராது.