காய்ந்த மண்ணெல்லாம் கெட்டி மண் அல்ல

சென்னையிலிருந்து பெங்களூரு போகும் வழியில் பங்காருப்பேட்டையில் இறங்கி, மாரிக்குப்பம் போகும் கிளை ரயிலில் ஏறினால் கோலார் தங்கவயலின் மேடுகள் கண்ணில் படும். பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்தெடுத்தபின் மிஞ்சிய கழிவு மண் அது. 1880களில் ஜான் டெய்லர் கம்பெனி தொடங்கிய வேலை, 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கத்தை மூடியதோடு நின்றது. வட ஆற்காட்டிலிருந்து போன தமிழர்கள் பல தலைமுறையாக உழைத்த ஊரில் இன்று 13 மேடுகளும் 3 கோடி டன்னுக்கு மேற்பட்ட மண்ணும் கிடக்கின்றன. கழிவு மண் உலர்வதைப் பற்றி நம்மிடையே உலவும் சில நம்பிக்கைகளைச் சரிபார்ப்போம்.

நம்பிக்கை 1: வெயிலில் காய்ந்துவிட்டால் கல்லாக இறுகிவிடும்.

உண்மை: உலரும்போது மண்ணுக்கு இரண்டு வகையில் பலம் வருகிறது. நீர் வெளியேற வெளியேறத் துகள்கள் நெருங்கி, மண் சுருங்கி அடர்த்தியாகிறது. இந்தப் பலம் பெரும்பாலும் தங்கும். இன்னொன்று, துகள்களுக்கு நடுவே மிஞ்சும் மெல்லிய நீர்ப்படலம் அவற்றை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கும் விசை. நுண்ணிய தூளில் இது மிக அதிகம். ஆனால் மழைநீர் உள்ளே இறங்கி இடைவெளிகளை நிரப்பியதும் இந்தப் பிடி விட்டுப்போகும். கோடையில் செங்குத்தாக நின்ற சரிவு மழைக்காலத்தில் சரிவது இதனால்தான். கரடான மணலோ முழுக்கக் காய்ந்தாலே பிடிப்பு போய் உதிரும்.

நம்பிக்கை 2: மேலே நடக்க முடிந்தால் உள்ளேயும் கெட்டிதான்.

உண்மை: சென்னை அபிராமபுரத்துக்காரர்கள் இதைப் பார்க்கத் தூரம் போக வேண்டாம். அடையாறு முகத்துவாரத்தில் நீர் வற்றிய சேறு பாளம் பாளமாக வெடித்து, ஓரங்கள் சுருண்டு கிடக்கும். ஒரு பாளத்தைக் கிளப்பினால் அடியில் கை பதியும் களிச்சேறு. சுரங்கக் கழிவைக் குழம்பாகத் தேக்கும் குட்டையிலும் இதே கதைதான். மேலே இறுகும் ஓடு, கீழே உள்ள ஈரம் ஆவியாவதை மந்தமாக்குகிறது. வெடிப்புகளோ அடுத்த மழையை நேராக உள்ளே கொண்டுபோகும். அதனால்தான் முறையாகச் செய்பவர்கள் குழம்பை மெல்லிய அடுக்காகப் பரப்பி, காயவிட்டு, பிறகே அடுத்த அடுக்கை ஊற்றுகிறார்கள்.

நம்பிக்கை 3: கழிவு கொட்டுவதை நிறுத்திச் சில வருஷம் ஆகிவிட்டால் ஆபத்து தீர்ந்தது.

உண்மை: பிரேசிலின் புருமாடின்யோவில் 86 மீட்டர் உயர இரும்புத் தாதுக் கழிவு அணையில் 2016க்குப் பிறகு கழிவு கொட்டவில்லை. மேலே புல் முளைத்திருந்தது. 2019 ஜனவரி 25 அன்று அந்த அணை சில நொடிகளில் குலைந்து குழம்பாக ஓடியது. 270 பேர் மாண்டனர். உள்ளே நீர் முழுதாக வடியாமல் இருந்தது. அந்த நிலையில், மண் மெல்ல மெல்ல நகர்ந்து வந்ததும், மழையில் மேற்பகுதி நனைந்து உலர்நிலைப் பிடிப்பை இழந்ததும் சேர்ந்து அணையைச் சாய்த்தன என்றது நிபுணர் குழு.

நம்பிக்கை 4: காய்ந்த மண்ணால் யாருக்கும் கெடுதல் இல்லை.

உண்மை: சரியாத மேடும் பறக்கும். தங்கவயலில் காற்றுக் காலத்தில் வெளிறிய தூசி வீடுகளுக்குள் படிவது ஊரின் பழைய புகார். சிலிக்கா கலந்த நுண்தூசி நுரையீரலுக்கு ஆகாது. அஞ்சப்படும் சயனைடு வெயிலிலும் காற்றிலும் பெருமளவு சிதைந்துவிடும். ஆனால் கந்தகக் கனிமங்கள் உள்ள கழிவில், உலர்ந்த வெடிப்புகள் வழியே காற்று புகுந்தால் அமிலம் உருவாகும். மழை அதைக் கரைத்து வெளியே கொண்டுவரும்.

நம்பிக்கை 5: அப்படியானால் உலர்த்துவதே வீண்.

உண்மை: வீண் இல்லை, வெயிலை மட்டும் நம்புவதுதான் தவறு. வடிகட்டியில் நீரைப் பிழிந்து, மண்ணைப் பரப்பி, ரோலர் ஓட்டி இறுக்கி அடுக்கும் முறை இப்போது பரவுகிறது. ராஜஸ்தானின் ஜாவர் துத்தநாகச் சுரங்கத்தில் இது நடைமுறையில் உள்ளது. இப்படி இறுக்கிய அடர்த்தி ஒரு மழையில் போய்விடாது. அங்கும் வடிகாலும் மேல்மூடியும் கட்டாயம்.

தங்கவயல் மேடுகளில் மிச்சத் தங்கத்தை எடுக்கும் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024இல் இசைவு தந்தது. வெட்டத் தொடங்குமுன் கேட்க வேண்டியவை மூன்று: மேட்டுக்குள் நீர்மட்டம் எந்த ஆழத்தில் இருக்கிறது, நனைந்தால் சரிவுக்கு எவ்வளவு பலம் மிஞ்சும், கிளறும் தூசியை எப்படி அடக்குவார்கள். மேட்டின் பலத்தைச் சித்திரை வெயிலில் பார்த்து முடிவு கட்டக் கூடாது. ஐப்பசி மழையில் என்ன மிஞ்சும் என்பதே கணக்கு.