சாரல் காலமும் வீட்டெலியும்

மேற்கே கேரளத்தை ஒட்டிய மலைத்தொடரும் கிழக்கே மேகமலைத் தொடரும் அரணாக நிற்க, இடையே அமைந்தது கம்பம் பள்ளத்தாக்கு. ஆனி பிறந்தவுடன் மேற்கிலிருந்து சாரல் இறங்குகிறது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்குப் பருவமழை பெய்கிறது. மார்கழியிலும் தையிலும் குளிர் சூழ்கிறது. மனிதருக்கு இதமான இத்தட்பவெப்பம் வீட்டினுள் புகுந்து வாழும் சிற்றுயிர்களுக்கும் இதமானதே. சாரலில் கொசு பெருகுவதும், மலைப்பாதையில் அட்டை ஏறுவதும், பழக் காலத்தில் ஈ மொய்ப்பதும் யாவரும் அறிந்தவை. ஆயினும் உணவையும் உடைமையையும் உடல்நலத்தையும் ஒருசேரக் கெடுப்பது எலியே. ஆதலின் இக்கட்டுரை எலியைப் பற்றி மட்டும் பேசுகிறது.

எலி ஆண்டு முழுவதும் இருக்கிறது. ஆனால் ஆண்டு முழுவதும் ஒரே அளவில் வீட்டுக்குள் வருவதில்லை. முல்லைப் பெரியாறு நீரை நம்பி இப்பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைகிறது. வயலில் கதிர் நிற்கும்வரை வயலெலிக்கு அங்கேயே உணவு உண்டு, வரப்பிலே வளை உண்டு. அறுவடை முடிந்ததும் இரண்டும் போய்விடுகின்றன. அப்பொழுது அது களத்தைத் தொடர்ந்தும், மூட்டையைத் தொடர்ந்தும் ஊரை நோக்கி நகர்கிறது. ஆகவே ஒவ்வொரு போக அறுவடையை அடுத்தும் ஊர்ப்புறத்தில் எலித்தொல்லை மிகும். கனமழையில் வளைகளுள் நீர் புகும்பொழுது மற்றுமொரு படையெடுப்பு நிகழ்கிறது. இவற்றுக்கு முன்பாகவே விழித்துக்கொள்பவர் பிழைத்தார். எலி கூரையில் ஓடும் ஓசை கேட்ட பிறகு பொறி தேடுபவர் ஒரு தலைமுறை எலிக்கு இடங்கொடுத்துவிட்டார். பெண் எலியின் கருப்பக்காலம் ஏறத்தாழ 22 நாள்களே. ஓர் ஈற்றில் ஆறு, ஏழு குட்டிகள் பிறக்கக்கூடும்; அவை மூன்று திங்களில் தாமும் குட்டி ஈனத் தகுதி பெறும்.

வீட்டில் காணும் யாவும் ஓரினம் அல்ல. கூரையிலும் பரணிலும் தென்னையிலும் ஏறித் திரிவது கறுத்த வீட்டெலி. சுவரடியைத் தோண்டி மண் குவிப்பது பெருச்சாளி. அரிசிப் பானையருகே காண்பது சுண்டெலி. மூக்கு நீண்டு, கீச்சிட்டுக்கொண்டு சுவரோரம் செல்லும் மூஞ்சூறு எலியினமே அன்று. அது கரப்பானையும் பூச்சிகளையும் உண்பது. அதை எலியென எண்ணி அடிப்போர் பலர்.

இப்பள்ளத்தாக்கினர் எலியைச் சிறிதாக எண்ணலாகாது என்பதற்கு வரலாற்றிலேயே சான்றுண்டு. 1896-ஆம் ஆண்டில் பம்பாயில் தோன்றிய பிளேக் என்னும் கொள்ளைநோய் தென்னாட்டிலும் பரவிற்று. அன்று மதுரை மாவட்டத்தைச் சேர்ந்திருந்த கம்பம் பள்ளத்தாக்கில் அந்நோய் வேரூன்றியமையால், இங்கு தனியே ஒரு பிளேக் ஆராய்ச்சி நடத்தப்பெற்றது. ஜார்ஜ், வெப்ஸ்டர் என்னும் இருவர் எழுதிய அதன் அறிக்கை 1934-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் வெளிவந்தது. பிளேக்கைப் பற்றி உலகெங்கும் எழுதப்பெற்ற நூல்களில் நமது பள்ளத்தாக்கின் பெயர் இடம்பெற்றது இவ்வாறே. பெருமைப்படத்தக்க புகழ் அன்று. ஆயினும் அதில் பாடம் உண்டு.

வெப்பம் மிகுந்த கரையோரச் சமவெளியைப் பெரிதும் தீண்டாத நோய் மலையடிவாரத்தில் நிலைத்தது ஏன்? நோயைச் சுமப்பது எலியாயினும், அதை மனிதனிடம் சேர்ப்பது எலியின் உடலில் வாழும் தெள்ளுப்பூச்சி. இதனை 1898-இல் சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் கண்டறிந்து கூறினார். எலித்தெள்ளிலும் இனங்கள் உண்டு. கொழும்பில் பணியாற்றிய ஹர்ஸ்ட் என்னும் ஆய்வாளர், கியோப்பிஸ் என்ற இனமே நோயை வலுவாகப் பரப்புவது என்றும், ஆஸ்டியா என்ற இனம் அவ்வளவு பரப்பாது என்றும் விளக்கினார். சென்னை போன்ற கடற்கரை நகரங்களில் மிகுந்திருந்தது பின்னதே. மேலும், சராசரி வெப்பம் ஏறத்தாழ 27 டிகிரி செல்சியஸைத் தாண்டி உயரும்பொழுது தெள்ளின் வாயிலாக நோய் பரவும் ஆற்றல் குன்றுகிறது. குளிர்ந்த, ஈரம் பொருந்திய மலையடிவாரத்தில் தெள்ளு நெடுநாள் உயிர்வாழ்கிறது. தானிய மூட்டையினுள் ஒளிந்து வண்டியேறி ஊர் விட்டு ஊர் செல்லவும் அதனால் இயலும். பிளேக் கூலத்தோடு பயணம் செய்தது என்று சுருங்கக் கூறலாம்.

இன்று நமது பள்ளத்தாக்கில் பிளேக் இல்லை. இந்தியாவில் 1966-இல் கர்நாடகத்தில் கண்டதற்குப் பின் அந்நோய் மறைந்ததென்றே பலர் கருதினர். ஆனால் 1994-இல் மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்திலும் சூரத் நகரிலும் அது தலைகாட்டிற்று. அதற்கு முந்திய ஆண்டில் லாத்தூர்ப் பகுதியில் நிகழ்ந்த நிலநடுக்கத்திற்குப் பின், தானியத்தைச் சேமித்தவாறே மக்கள் விட்டுச்சென்ற வீடுகளில் எலி பெருகியதை அறிஞர் பலர் காரணமாகச் சுட்டினர். 2002-இல் இமாசலப் பிரதேசத்தின் சிம்லா மாவட்டத்து மலைக்கிராமம் ஒன்றிலும் அந்நோய் தோன்றியது. இவற்றைக் கூறுவது அச்சமூட்டுவதற்காக அன்று. தக்க மருந்துகள் இன்று உள்ளன. விரைவில் அளித்தால் நோய் தீரும். ஆளில்லா வீடும் அதனுள் விட்ட தானியமும் எலிக்கு எத்தகைய அரண் என்பதைக் காட்டவே கூறினேன்.

இது மலைப்பகுதியினருக்கு மிகவும் பொருந்தும். மேகமலையிலும் குரங்கணி, போடிமெட்டுப் பகுதிகளிலும் விருந்தினர் விடுதிகள் பெருகியுள்ளன. விடுமுறைக் காலத்தில் நிரம்பும் அறைகள் மற்ற நாள்களில் பூட்டிக் கிடக்கின்றன. சமையலறையில் பாதி மூட்டை அரிசியும், திறந்த பருப்பு டப்பாவும், கொல்லையில் வாரப்படாத எச்சில் இலைகளும் கிடக்கும். எலிக்குச் சாரலில் இதைவிட மேலான மாளிகை வேண்டுமோ? விடுதியை மூடும் நாளில் உணவுப்பண்டம் ஒரு மணியும் விடாது எடுத்துச் செல்வதும், மெத்தை, போர்வைகளை இரும்புப் பெட்டியில் வைப்பதும், நீர்க்குழாய் நுழையும் துளைகளைக் கம்பிவலையால் அடைப்பதும் விடுதியாளர் கடமை. எலி உள்ள இடத்திற்கு அதை உண்ணும் பாம்பும் வரும். விருந்தினர் இரவில் வெறுங்காலுடன் நடக்கும் முற்றத்திற்குக் கண்ணாடி விரியனை அழைப்பது பல வேளைகளில் இந்த எலியே.

இன்று எலியை ஒட்டி நாம் அஞ்சவேண்டிய நோய்கள் இரண்டு. ஒன்று எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீர் கலந்த சேற்றிலும் தேங்கிய நீரிலும் வெடிப்புக் காலுடன் நடப்போர்க்கு இது பற்றும். கடுங்காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவத்தல் ஆகியவை அறிகுறிகள். முற்றினால் மஞ்சள்காமாலையும் சிறுநீரகக் கேடும் நேரும். மற்றொன்று ஸ்கிரப் டைபஸ் எனப்படும் உண்ணிக்காய்ச்சல். எலியின் மீதும் புதரிலும் வாழும் மிகச் சிறிய உண்ணியின் இளம்பருவம் கடிப்பதால் இது வருகிறது; மழைக்குப் பிந்திய குளிர்மாதங்களில் மிகுதி. கடித்த இடத்தில், பீடியால் சுட்டாற் போன்ற கரிய வடு ஒன்று தோன்றலாம். அக்குளிலும் இடுப்பிலும் தொடையிடுக்கிலும் அது மறைந்திருப்பதால் நோயாளியே அறியார். டாக்சிசைக்கிளின் போன்ற எளிய மருந்து உரிய வேளையில் கொடுத்தால் குணமாகும் இந்நோய், பெனிசிலின் இனத்து மருந்துகளுக்கு அடங்காது. ஆதலின் காய்ச்சலுக்குக் கடையில் மாத்திரை வாங்கி உண்டு நாள் கடத்துதல் உயிருக்கே கேடு. தோட்டத்தொழிலாளரும் விறகு பொறுக்கச் செல்வோரும் காய்ச்சல் கண்டால் ஆரம்பச் சுகாதார நிலையத்தில் தமது தொழிலைச் சொல்ல வேண்டும்; வடுவைத் தேடிக் காட்ட வேண்டும்.

இனி ஒழிக்கும் முறை. முதலில் செய்யத்தக்கது கொல்லுதல் அன்று, பட்டினி போடுதல். தானியத்தை மூடியுள்ள தகரக் குதிரிலோ, சுவரை விட்டுத் தள்ளிப் பலகை மேல் அடுக்கிய மூட்டையிலோ வைக்க வேண்டும். கட்டைவிரல் நுழையும் துளை எலிக்கு வாசலாகும். கதவடியில் தகரம் அடிக்கலாம். தென்னையின் நடுமரத்தில் தகரப்பட்டை சுற்றினால் எலி ஏறாது; ஆனால் பக்கத்து மரத்தின் மட்டை உரசினால் பட்டை வீண்.

பொறி வைப்பதில் ஒரு நுட்பம் உண்டு. எலி புதிய பொருளை ஐயுறும் இயல்புடையது. ஆகவே முதல் இரண்டு மூன்று நாள்கள் பொறியின் விசையைப் பூட்டாமல், கருவாடோ வடையோ வைத்துத் தின்னவிட வேண்டும். பின்னரே பூட்ட வேண்டும். அறை நடுவே வைத்தல் பயனற்றது. சுவரையொட்டி, அதன் உடலின் அழுக்குப் படிந்த வழித்தடத்தில் வைத்தால் அகப்படும்.

நஞ்சைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியுள்ளது. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசை நம் மாநிலத்தில் தடை செய்யப்பெற்றது. அதற்கு முறிமருந்து இல்லை. உட்கொண்டவர் முதல் நாள் தேறிவிட்டாற் போல் தோன்றுவார்; பிறகு கல்லீரல் செயலிழக்கும். ரொட்டியில் தடவி வைத்த பசையைக் குழந்தை எடுத்துண்பதும், குடும்பச் சச்சரவில் மனமுடைந்தோர் கைக்கு அது எட்டுவதும் எத்தனையோ வீடுகளை இருளாக்கியுள்ளன. பழைய குழாய் எதுவும் வீட்டில் இருந்தால் இன்றே அகற்றுக. அறியாது உண்டவரை, நலமாகத் தோன்றினும், 108 ஊர்தியை அழைத்து உடனே மருத்துவமனை சேர்க்க வேண்டும். துத்தநாக பாஸ்பைடு வயலுக்கு உரியது, வேளாண்மை அலுவலரின் அறிவுரைப்படி கையாளத்தக்கது. அதனை வீட்டினுள் கொணரலாகாது. வீட்டில் தவிர்க்க இயலாதபொழுது புரோமாடியோலோன் கட்டியை, குழந்தையும் கால்நடையும் தொடாத மூடிய பெட்டியில் வைக்கலாம். அதை உண்ட எலி சில நாள் கழித்தே மடியும். மனிதர் உண்ண நேரின் வைட்டமின் கே மருந்தாகும்.

ஒரு வீட்டார் மட்டும் செய்வதால் பயனில்லை. இங்கு ஒழிந்த இடத்தை அடுத்த வீட்டு எலி பத்து நாளில் நிரப்பும். அறுவடையை ஒட்டிய கிராமசபைக் கூட்டத்தில் ஒரு வாரத்தைக் குறித்து, ஊர் முழுவதும் ஒரே நாளில் பொறியும் மருந்தும் வைத்தல் வேண்டும். குப்பைமேட்டையும் அதே வாரத்தில் அகற்ற வேண்டும். அலுவலகத்திலிருந்து நாங்கள் அனுப்பும் சுற்றறிக்கை எலி பிடிப்பதில்லை. ஊரார் கூடினால்தான் நடக்கும்.

செத்த எலியை வெறுங்கையால் தொடாது, இடுக்கியாலோ பிளாஸ்டிக் பையாலோ எடுத்து இரண்டடி ஆழத்தில் புதைக்கவேண்டும். மருந்தே வைக்காதிருக்க, அடுத்தடுத்து எலிகள் தாமாகச் செத்து விழக் கண்டால், அவற்றை அப்புறப்படுத்துமுன் சுகாதார ஆய்வாளருக்குச் சொல்லியனுப்புக. அந்நிலையில் மற்ற எலிகளைக் கொல்ல முனைவதும் தவறு. எலி மடிந்தால் அதன் உடல் குளிர்ந்தவுடன் தெள்ளு வேறு உடலை நாடும். அடுத்துக் கிடைப்பது பாயில் உறங்கும் மனிதனாக இருக்கக்கூடும். முதலில் தெள்ளுக்கு மருந்து, பின்னரே எலிக்கு என்பது பிளேக் காலத்தில் கற்ற முறை. அதைச் செய்வதற்குரிய பயிற்சியும் மருந்தும் சுகாதாரத்துறையினரிடம் உள்ளன.