மணல்வழியும் மனிதர் துணையும்

நுழையும்முன்

பாலைவனம் என்றவுடன் மணலும் வெயிலும் வெறுமையுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆயினும் அங்கும் மக்கள் வாழ்கின்றனர். பெய்யும் சிறு மழையைக் காத்து வாழும் அறிவைத் தலைமுறை தலைமுறையாகப் பேணிவருகின்றனர். தார்ப் பாலைவனத்தில் இருசக்கர ஊர்தியில் தனியே செல்லும் ஒருவர் அம்மக்களிடம் கற்கத்தக்கவற்றை இப்பாடம் விளக்குகிறது.

பயணத்திற்கு முன்

இராஜஸ்தான் மாநிலத்தின் ஜோத்பூரிலிருந்து ஜெய்சல்மேர், இராம்கர் வழியாக எல்லையோரச் சிற்றூரான தனோட் வரை செல்லும் வழி ஏறத்தாழ 400 கி.மீ. நீளமுடையது. இவ்வழியே ஒருவர் தனியாகச் செல்வதாகக் கொள்வோம். அவர் முதலில் கருத வேண்டியது காலம். இப்பகுதியிலுள்ள பலோடி என்னும் ஊரில் 2016ஆம் ஆண்டு மே 19 அன்று 51 பாகை செல்சியஸ் வெப்பம் பதிவாயிற்று. ஆகவே, நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான குளிர்காலமே பயணத்திற்கு ஏற்றது. அப்போதும் பகலின் வெம்மையை நம்பி, இரவுக் குளிருக்கான உடையை மறத்தல் கூடாது.

ஊர்தியையும் நிலத்திற்கேற்ப ஆயத்தப்படுத்த வேண்டும். நுண்மணல் காற்று வடிகட்டியை அடைத்துக்கொள்ளும். சங்கிலியில் மிகுதியாக இட்ட எண்ணெயில் ஒட்டி அதனைத் தேய்க்கும். நிறுத்திவைத்த வண்டியின் தாங்கி மணலில் புதையுமாதலால், அதனடியில் ஒரு தட்டைக்கல்லை வைப்பது நன்று. எரிபொருளும் குடிநீரும் தேவைக்குமேல் இருத்தல் இன்றியமையாதது.

மணல் மூடிய சாலை

ஜெய்சல்மேரைக் கடந்தபின் ஊர்களின் இடைவெளி நீள்கிறது. காற்று வீசும் நாள்களில் தார்ச்சாலையின்மீது மணல் படர்ந்து கிடக்கும். விரைந்து வருபவர் அதன்மீது திடீரெனத் தடையை அழுத்தினால் சக்கரம் வழுக்கிவிடும். மணலில் புதைந்த வண்டியை, விசையை முடுக்கி வெளியேற்ற முயன்றால் சக்கரம் மேலும் ஆழமாக இறங்கும். இறங்கி மணலை அகற்றி, சக்கரத்தின்கீழ்ச் சுள்ளிகளைப் பரப்பி, பிறர் தள்ள மெல்ல நகர்த்துவதே வழி. தனியே வந்தவருக்கு ஆடு மேய்ப்பவரின் இரு கைகள் எத்துணைப் பெரிய துணை என்பது அப்போது விளங்கும்.

வெற்றுநிலமன்று

சாலையைவிட்டு விலகி, சமமாகவும் தூய்மையாகவும் பரந்து கிடக்கும் ஒரு திடலில் வண்டியைச் செலுத்தப் பயணி விரும்பலாம். மேய்ப்பர் அவரைத் தடுத்து, "அது வெறும் திடல் அன்று, தம்பி, எங்கள் ஊர் குடிக்கும் தண்ணீர் அதன் வழியாகத்தான் வருகிறது" என்று சொல்லக்கூடும்.

அச்சொல் உண்மையானது. ஜெய்சல்மேர்ப் பகுதியில் ஆண்டிற்கு 200 மி.மீ. அளவைவிடக் குறைவாகவே மழை பெய்கிறது. அம்மழைநீர் ஓடிவந்து சேரும் நிலத்தை மக்கள் 'ஆகோர்' என்கின்றனர். அதில் காலணியோடு நடவாமலும் அதனை அசுத்தம் செய்யாமலும் காத்தல் ஊர் வழக்கம். அந்நீர் குளத்திலோ, 'குண்ட்' எனப்படும் மூடிய நிலத்தடித் தொட்டியிலோ சேர்கிறது. வண்டிச் சக்கரம் நிலத்தைக் கிளறினாலும் எண்ணெய் சிந்தினாலும் அடுத்த மழைநீர் கெடும். ஒருவரின் ஒரு நாழிகை மகிழ்ச்சி, ஓர் ஊரின் குடிநீரைப் பாழாக்கக்கூடும்.

மணலுக்குள்ளும் நீர் உண்டு. சில இடங்களில் மணலின்கீழ் நீர்புகாத ஜிப்சம் அடுக்கு உள்ளது. மழைநீர் ஆழத்திலுள்ள உவர்நீரோடு கலவாதபடி அவ்வடுக்கு தடுக்கிறது. மணலில் ஈரமாகத் தங்கிய நன்னீர், 'பேரி' எனப்படும் குறுகிய கிணறுகளில் துளித்துளியாக ஊறுகிறது. ஊறும் அளவறிந்தே மக்கள் இறைக்கின்றனர்.

வேளாண்மையிலும் இவ்வறிவைக் காணலாம். 'கடீன்' என்பது தாழ்நிலத்தின் குறுக்கே மண்கரை எழுப்பி மழைநீரைத் தேக்கும் முறை. இதனைப் பாலிவால் சமூகத்தினர் 15ஆம் நூற்றாண்டில் உருவாக்கினர் என்பர். தேங்கிய நீர் மண்ணில் ஊறியபின், அந்த ஈரத்திலேயே கோதுமையும் கொண்டைக்கடலையும் விளைகின்றன.

வன்னி மர நிழலில்

வழியெங்கும் நிற்கும் கேஜ்ரி மரம் தமிழர் அறியாததன்று. நம் கோயில்களில் தலமரமாக விளங்கும் வன்னியே அது. அதன் இலை கால்நடைக்குத் தீவனம். காய் மனிதர்க்கு உணவு. 1730ஆம் ஆண்டு ஜோத்பூர் அரசின் ஆட்கள் இம்மரங்களை வெட்ட வந்தபோது, கேஜர்லி என்னும் ஊரில் அமிர்தா தேவி மரத்தைத் தழுவி நின்று உயிர் நீத்தார். அவரைத் தொடர்ந்தவர்களையும் சேர்த்து 363 பிஷ்னோய் மக்கள் உயிரீந்தனர் என வரலாறு கூறுகிறது. வன்னியின் நிழலில் அமர்ந்து மோர் பருகும் பயணி, அந்நிழல் எளிதில் எஞ்சியதன்று என்பதை உணர்கிறார்.

இன்றைய நிலை

1958ஆம் ஆண்டு பணி தொடங்கப்பெற்ற இந்திரா காந்தி கால்வாய், பஞ்சாபின் ஹரிகே அணையிலிருந்து பாலைக்கு நீரைக் கொணர்ந்தது. அதனால் விளைச்சல் பெருகியது. பெண்கள் நீர் சுமக்கும் துன்பமும் பல ஊர்களில் குறைந்தது. அதேவேளையில், சில இடங்களில் நீர் தேங்கி நிலம் உவர்ப்பாகியது. குழாய்நீர் வந்த ஊர்கள் சிலவற்றில் பேரிகள் தூர்ந்தன. பராமரிப்பிற்காகக் கால்வாய் மூடப்படும் நாள்களில் பழைய நீர்நிலைகளின் அருமை மீண்டும் தெரிகிறது. புதியதை ஏற்கும்போது பழையதைக் கைவிடாமை அறிவுடைமையாகும்.

தனியே புறப்பட்டவர் தனியே பயணம் முடிப்பதில்லை. வழி காட்டியவர், நீர் தந்தவர், வண்டியைத் தள்ளியவர் எனப் பலரும் அவருடைய பயணத்தில் பங்குபெறுகின்றனர். எந்நிலத்தில் நுழைந்தாலும் அது யாருடைய வாழ்விடம் எனக் கேட்டறிந்து அடியெடுத்து வைப்பதே பயணியின் பண்பு.

கற்பவை கற்றபின்

1. ஆகோர், பேரி, கடீன் ஆகியவற்றின் பயன்களை ஒப்பிட்டு எழுதுக.
2. உங்கள் ஊரின் பழைய நீர்நிலை ஒன்றைப் பற்றி முதியோரிடம் கேட்டறிந்து, அதன் இன்றைய நிலையைக் குறிப்பிடுக.
3. 'வெற்றுநிலம் என்று எதுவுமில்லை' – வகுப்பில் கலந்துரையாடுக.